பசியைப் பற்றிப் புத்தகம் எழுதியவர்கள்

மார்கிரட் பொருளியல் படிக்கப் போனதற்குக் காரணம் ஆசை அல்ல, ஆத்திரம். பதினாறு வயதில் வந்த ஆத்திரம் அது.

மாத்தளைக்கு மேலே, தேயிலையும் ரப்பரும் கலந்து நின்ற ஒரு தோட்டத்தில் அவளுடைய அப்பா கங்காணி. பிள்ளைகள் வளர்ந்ததும் பேர் பதிந்து வேலைக்கு அனுப்புவது தோட்டத்து வழக்கம். மூத்தவன் ரபாயேல் மீசை முளைக்கும் முன்பே ரப்பர் பால்வாளி தூக்கப் போய்விட்டான். மார்கிரட்டோ டவுனில் கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் எப்படியோ ஒட்டிக்கொண்டு, வகுப்பு வகுப்பாக ஏறிக்கொண்டிருந்தாள். அவளை மலை வேலைக்குக் கேட்காமல் விட்டுவிடும்படி கெஞ்சுவதற்காக, 1949ஆம் ஆண்டு ஒரு காலையில், அப்பா அவளைத் துரையின் பங்களாவுக்குக் கூட்டிப்போனார். தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படிக்குக் கீழே நின்றார்.

வெள்ளைக்காரத் துரை அன்று நல்ல மனநிலையில் இருந்தார். கண்டியிலிருந்து சிநேகிதர் ஒருவர் வந்து பக்கத்து நாற்காலியில் சாய்ந்திருந்தார். "சரி, பொண்ணு படிக்கட்டும்" என்று துரை தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். சிநேகிதர் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் தொடர்ந்தார். யூனியன்காரர்கள் சம்பளம் கூட்டச் சொல்கிறார்கள், சுத்த மடத்தனம். இந்தச் சனங்களுக்குச் சம்பளத்தைக் கூட்டினால் பிள்ளைகளைக் கூட்டிக்கொள்வார்கள், பிறகு பழையபடி பட்டினிதான். இது நான் சொல்வதல்ல, நூற்றைம்பது வருஷத்துக்கு முன்பே ஒரு மேதை எழுதி நிரூபித்துவிட்டார். சிநேகிதர் சிரித்தார். கங்காணியின் மகளுக்கு இங்கிலீஷ் விளங்கும் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை.

பாதையில் இறங்கும்போது அப்பா கேட்டார். "துரை என்னா சொல்லிச் சிரிச்சாரு?"

"ஒண்ணுமில்லப்பா."

அவளோடு கூடப் பிறந்தவர்கள் ஆறு பேர். தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தின் காய்ச்சலும் வயிற்றோட்டமும் கொண்டுபோனது போக மிஞ்சியவர்கள் ரபாயேலும் அவளும்தான். அம்மா அந்தப் பிள்ளைகளைப் புதைத்த குழிகளுக்குப் பக்கத்தால் கொழுந்துக் கூடையோடு தினமும் போய் வந்தாள். அதைக் கணக்குப் பார்த்து எழுதின அந்த மேதை யார்? அவன் முகம் எப்படி இருக்கும்? அவன் ஒரு நாளாவது பட்டினி கிடந்தானா? அன்றிலிருந்து மார்கிரட்டுக்கு அதே நினைப்பாகப் போய்விட்டது.

பேராதனையில் பல்கலைக்கழகம் திறந்த கொஞ்ச நாளிலேயே அவள் அங்கே போய்ச் சேர்ந்தாள். என்ன பாடம் படிக்கப்போகிறாய் என்று கேட்டவர்களிடம் பொருளியல் என்றாள்.  முதல் வருஷத்திலேயே அந்த மேதை அகப்பட்டுவிட்டார். ஆள் ஒரு இங்கிலாந்துப் பாதிரியார். தேவ ஊழியம் செய்தவர், நல்ல குடும்பத்தில் பிறந்தவர், எழுத்தும் நேர்த்தியானது. ஏழைக்கு உதவி செய்தால் ஏழைகள் பெருகுவார்கள் என்பதை மிகவும் வருத்தத்தோடு சொல்லியிருந்தார். அந்த வருத்தம்தான் அவளுக்குத் தாங்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நூல்நிலையத்துக்கு வெளியே வந்து மாமரத்தின் கீழே நின்று அழுதாள். அழுகை ஓய்ந்ததும் உள்ளே போய் மறுபடியும் முதலிலிருந்து படித்தாள்.

அப்படியே மற்றவர்களையும் படித்தாள். குண்டூசி செய்யும் பட்டறையைக் காட்டி வேலைப் பிரிவினையை விளக்கிய ஸ்கொட்லாந்துக்காரர். லண்டன் நூல்நிலையத்தில் வருஷக்கணக்கில் உட்கார்ந்து முதலாளிகளின் கணக்கைப் பிரித்துப் போட்ட ஜேர்மன் தாடிக்காரர். அறுநூறு வருஷத்துக்கு முன் தூனிஸில் பிறந்து எகிப்தில் காழியாக, அதாவது நீதிபதியாக இருந்த அரபு அறிஞர். யாரைத் திறந்தாலும் அவள் முதலில் தேடியது ஒன்றைத்தான். பசித்தவனைப் பற்றி இந்த ஆள் என்ன சொல்கிறார்?

அவளோடு படித்தவன் ஸக்கரியா. மாத்தளை டவுனில் புடவைக்கடைக்காரர் மகன். தாடிக்காரரைக் கரைத்துக் குடித்தவன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வான். விடுமுறைக்கு இருவரும் ஒரே ரயிலில் வருவார்கள். கண்டியில் ஏறினால் மாத்தளை வரும்வரை வாக்குவாதம் ஓயாது.

"எல்லாத்தையும் மாத்தலாம் மார்கிரட். அதிகாரம் நம்ம கையில வந்தா ஒங்க லயம் ஒண்ணுகூட மிஞ்சாது. எல்லாம் வீடா ஆகும்" என்பான்.

அவன் அதை நம்பித்தான் சொன்னான். அவளும் நம்பினாள். அவர்களைப் பற்றி டவுனில் வேறு மாதிரியும் பேசினார்கள். அந்தப் பேச்சு ஒன்றும் ஆகாமலே போய்விட்டது. ஸக்கரியா அரசியலுக்குப் போனான், கல்யாணம் செய்தான். மார்கிரட் மாத்தளையிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகி, நூருன்னிஸா என்ற விதவையின் வீட்டில் ஒரு காம்பராவை வாடகைக்கு எடுத்துத் தங்கினாள்.

தமிழில் படிப்பிக்கச் சொன்னார்கள், புத்தகம் கொடுக்கவில்லை. அவளே மொழிபெயர்த்தாள். பிள்ளைகளுக்கு அந்த வெள்ளைக்காரப் பேர்கள் வாயில் நுழையாததால் பாதிரியார், ஸ்கொட்லாந்துக்காரர், தாடிக்காரர், காழி என்றே சொல்லிக்கொடுத்தாள். சோதனைத் தாளில் சரியான பேரை எழுதுவார்கள். வகுப்பில் இந்தப் பேர்தான். டீச்சருக்கு அந்த நாலு பேர்மேலும் தனிப்பட்ட கோபம் இருக்கிறது, சொந்தக்காரரைத் திட்டுவது மாதிரித் திட்டுவார் என்று டவுன் முழுக்கத் தெரியும்.

பிறகு அந்தப் பஞ்சம் வந்தது.

எழுபத்துமூன்றிலேயே தொடங்கிவிட்டது, எழுபத்துநாலில் கழுத்தைப் பிடித்தது. பாண் ரொட்டிக்கு விடியமுன்பே வரிசை. பங்கீட்டுக் கூப்பன் அரிசியைக் குறைத்தார்கள். வாரத்தில் சில நாட்கள் சாப்பாட்டுக்கடைகளில் சோறு விற்கக்கூடாது என்றார்கள். பதுக்கல்காரரை ஒழிப்பதற்காக, ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குத் தனியார் அரிசி கொண்டுபோகக்கூடாது என்று சட்டம் வந்தது. வீதிக்குக் குறுக்கே தடி போட்டு பஸ்ஸை மறித்துச் சோதித்தார்கள். அந்தத் தடிக்குச் சனங்கள் 'ஹால் பொல்ல' என்று சிங்களத்தில் பேர் வைத்தார்கள், அரிசித் தடி. டவுன் ஆட்கள் மரவள்ளியைத் தின்று சமாளித்தார்கள். கிராமத்து ஆட்களுக்குத் தோட்டம் துரவு இருந்தது. தோட்டத்து லயங்களில் ஒரு மரவள்ளிக் கம்பு ஊன்றவும் சொந்தமாக மண் இல்லை.

மார்கிரட் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக லயத்துக்கு ஏறினாள். அண்ணன் ரபாயேல் காம்பரா வாசலில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எழும்ப முயன்றார், முடியவில்லை. கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தன. அவர் மனைவி மரியாயி அடுப்பில் ஏதோ இலையை வேகவைத்துக்கொண்டிருந்தாள்.

"என்னா இலை அண்ணி இது?"

"தெரியாது தங்கச்சி. மாடு திங்குது. மாடு சாகல்ல. அதான் பறிச்சேன்."

"தோட்டத்துல மாவு குடுக்கல்லியா?"

"குடுத்தாங்க, வேலைக்குப் பேர் போட்ட நாளுக்கு மட்டும். இவருக்குத்தான் மலைக்கு ஏற முடியல்லியே. குடுக்கிறதையும் புள்ளைங்களுக்குத் தள்ளி விட்டுட்டு, எனக்குப் பசியில்லேன்றாரு. இவருக்கு எத்தனை மாசமாப் பசியில்ல!"

ரபாயேல் சிரிக்கப் பார்த்தார். "நம்ம பூட்டன் தாது வருஷப் பஞ்சத்துலதானே ஊர விட்டுக் கப்பலேறினாரு. அங்க செத்தா என்னா, இங்க செத்தா என்னான்னு கேட்டிருப்பாரு."

மார்கிரட்டுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது. தாது வருஷத்துக் கதை அவளுக்குத் தெரியும், புத்தகத்திலும் படித்திருந்தாள். அன்றைக்கு மெட்ராஸில் சனங்கள் வீதியில் விழுந்து செத்தபோது துறைமுகத்தில் தானியம் கப்பலேறிக்கொண்டிருந்தது. வியாபாரத்தில் அரசாங்கம் கைபோடக்கூடாது, அது பொருளியல் சட்டம் என்றார்கள் அதிகாரிகள். இன்றைக்கு வியாபாரத்தை அரசாங்கமே நடத்தவேண்டும், அதுவும் பொருளியல் சட்டம் என்கிறார்கள். இரண்டு சட்டத்திலும் செத்துப்போவது இதே குடும்பம்தானா?

இறங்கி வரும் வழியில் துரையின் பங்களாவுக்குப் போனாள். இப்போதைய துரை ஒஸ்வல்ட், வெள்ளைக்காரர் அல்ல, மாத்தளைத் தமிழர், காலையில் அவளோடு ஒரே மாதா கோயிலில் முன்வரிசையில் முழங்காலில் நின்றவர். மரியாதையாக நாற்காலி போட்டார்.

"நான் என்ன டீச்சர் செய்றது? அரிசிக்கும் மாவுக்கும் அரசாங்கம் குறுக்க நிக்குது. கடைக்காரன விட்டா சாமான் தானா வரும். அவனவன் தன் லாபத்தைப் பார்த்தாலே ஊருக்கு நல்லது நடக்கும்னு நீங்கதானே படிப்பிக்கிறீங்க."

"நான் அதை மட்டுமா படிப்பிக்கிறேன்?" என்று கேட்டுவிட்டு, போட்ட நாற்காலியில் உட்காராமலே திரும்பினாள்.

பல்லேபொல கிராமத்தில் அவளுக்குத் தெரிந்த ஜவாஹிர் நானா இருந்தார். கொஞ்சம் வயல், மிளகு, கராம்பு. அவர் மகள் மார்கிரட்டிடம் படித்தவள். விஷயத்தைச் சொன்னதும் கேள்வி கேட்காமல் ஒரு பையில் அரிசியைக் கட்டிக் கொடுத்தார். கொடுக்கும்போதே பொரிந்தார்.

"டீச்சர், நெல்லு வெளைய வச்சவன் நான். தோட்டத்துல பட்டினி கெடக்கிறவன் ஒங்க கூடப்பொறந்த காக்கா. நடுவுல ஒரு தடிய வச்சிக்கிட்டு நிக்கிறானுகள். அவனுகள் சொல்ற வெலைக்கு அவனுகளுக்கே விக்கணுமாம். அடுத்த போகம் நான் வெதைக்க மாட்டேன். என் வீட்டுக்கு மட்டும் போதும்."

அரசனே வியாபாரியாகி நின்றால் குடிகளின் கை சோர்ந்துவிடும், உழைப்பதையே விட்டுவிடுவார்கள் என்று காழி எழுதியது மார்கிரட்டுக்கு ஞாபகம் வந்தது. சொல்லவில்லை. சொல்லி யாருக்கு வயிறு நிறையப்போகிறது?

பஸ் டவுனுக்குள் நுழையும் இடத்தில் தடி கிடந்தது. காக்கி உடுப்புக்காரன் ஒருவனும் உணவுக் குழு ஆட்கள் இரண்டு பேரும் ஏறினார்கள். அரிசிப் பை அவள் மடியிலேயே இருந்தது. ஒளிக்க அவளுக்குத் தோன்றவில்லை. திருடினதா என்ன? சிங்களத்தில் விளக்கிச் சொன்னாள். சாகக் கிடக்கிறவருக்கு, கஞ்சிக்கு என்றாள். அவர்கள் பையைப் பிடுங்கினார்கள். பின் இருக்கையில் இருந்த சிங்களப் பெண் ஒருத்தியிடமும் அரிசி அகப்பட்டது. மகள் பிள்ளை பெற்றிருக்கிறாள், பச்சை உடம்பு என்று அவள் மன்றாடினாள். அதையும் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெண் பஸ்ஸிலிருந்து இறங்கி, நடு வீதியில் நின்று, மண்ணை வாரித் தூற்றிச் சபித்தாள்.

அந்தக் குழுவுக்குத் தலைவன், இப்போது ஆளும் கட்சிக்காரனாகிவிட்ட ஸக்கரியா.

மார்கிரட் நேரே அவனுடைய கந்தோருக்குப் போனாள். ஆட்கள் அலுவலக விறாந்தை நிறைய நின்றார்கள். தன் முறை வரும்வரை அவளும் நின்றாள். உள்ளே போனதும் அவன் எழுந்து நின்று வரவேற்றான். தலை நரைத்திருந்தது. மேசைக்குப் பின்னால் சுவரில் தாடிக்காரரின் படம் தொங்கியது.

"மார்கிரட், நாங்க நடத்துற அடுத்த மாசக் கூட்டத்துக்குத் தலைப்புப் போட்டாச்சு. 'பழைய பொருளியல் மேதைகள் இன்றைக்கும் தேவையா?' ஒன்ன விட்டா இந்த டவுனில பேச ஆளில்ல."

"பேசுறேன். இப்ப என் அரிசியக் குடு."

விஷயத்தைக் கேட்டு அவன் முகம் வாடியது. அது பொய்யான வாட்டம் அல்ல.

"ஒனக்கு மட்டும் விட்டுக்குடுத்தா நாளைக்கு யாரை மறிக்கிறது? பதுக்கல்காரன் எல்லாம் சாகக் கிடக்கிற அண்ணன் கதையோடதான் வருவான்."

"எங்கண்ணன் பதுக்கல்காரனா?"

"நான் அப்படிச் சொல்லல்ல. தோட்டத்து ஆளுகளுக்குத் தோட்ட நிர்வாகந்தான் குடுக்கணும். அந்த ஒஸ்வல்டப் போய்ப் பிடி."

"அவரு ஒன்னப் பிடிக்கச் சொல்றாரு."

ஸக்கரியா பெருமூச்சு விட்டான். "இது ஒரு கட்டம் மார்கிரட். வெள்ளைக்காரன் நம்மள இறக்குமதிச் சோத்துக்குப் பழக்கிட்டுப் போயிட்டான். அதுல இருந்து வெளிய வரணும்னா கொஞ்சம் கஷ்டப்படத்தான் வேணும். சரித்திரம் அப்படித்தான் நகரும். நீ படிச்சவ, ஒனக்கு விளங்கும். கொஞ்சம் பொறு."

"கொஞ்சம்னா? எங்கண்ணன் செத்து அடக்கம் பண்ற மட்டுமா?"

அவன் பேனாவை உருட்டினான். ரயிலில் எதிரில் உட்கார்ந்து லயமெல்லாம் வீடாகும் என்று சொன்ன அதே ஆள்தானா இவன் என்று அவள் பார்த்தாள். அதே ஆள்தான். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை மறுபடியும் பல்லேபொல போனாள். இந்த முறை ஜவாஹிரின் மனைவி ஹமீமா அவளை அறைக்குள் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"டீச்சர், வெக்கத்தைப் பார்த்தா வேலைக்காகாது. வயித்துல கட்டுவோம்."

"என்னா ராத்தா சொல்றீங்க?"

"புள்ளத்தாச்சிய எவனும் தடவ மாட்டான். அல்லாஹ் மன்னிப்பான்."

ஹமீமா பழைய சீலையைக் கிழித்து, அரிசியை நீளப் பையாகத் தைத்து, மார்கிரட்டின் வயிற்றைச் சுற்றிக் கட்டி, மேலே சேலையைத் தளர்த்தி விட்டாள். நாற்பது தாண்டிய, கல்யாணமாகாத, டவுனே எழுந்து நின்று வணக்கம் சொல்லும் மார்கிரட் டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறினாள். தடி போட்ட இடத்தில் குழுப் பையன் ஒருவன் உள்ளே ஏறி அவளைப் பார்த்தான். "அம்மாவுக்கு இடம் குடுங்க" என்று சிங்களத்தில் மற்றவர்களை அதட்டி, அவளை உட்கார வைத்தான். அவனை அறையவேண்டும் போல இருந்தது. நன்றி சொன்னாள். இந்த நாடு ஒரு படி அரிசிக்காகத் தன்னை என்னவெல்லாம் செய்ய வைக்கிறது என்று நினைக்க நினைக்க, வழி நெடுக உதட்டைக் கடித்துக்கொண்டே வந்தாள்.

லயத்தை நெருங்கும்போதே மரியாயியின் சத்தம் கேட்டது. ரபாயேல் அன்று காலை போய்விட்டார்.

வாசலில் கூட்டம் நின்றது. யாரும் அவள் வயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மார்கிரட் அண்ணன் கால்மாட்டில் சிறிது நேரம் நின்றாள். பிறகு உள்ளே போய்ச் சேலையைத் தளர்த்திக் கட்டை அவிழ்த்தாள். வியர்வையில் சீலை நனைந்திருந்தது. மரியாயி அழுகையை நிறுத்திவிட்டு அந்த அரிசியைப் பார்த்தாள். அப்படியே பானையை எடுத்தாள்.

"செத்த வீட்டுல அடுப்பு மூட்டக்கூடாதுன்னு சொல்லுவாங்க" என்று யாரோ இழுத்தார்கள்.

"யாரு சொல்லுவாங்க? அவுங்கள இங்க வரச் சொல்லுங்க" என்றாள் மரியாயி. "எம் புள்ளைங்க திங்கட்டும். அவரு பங்கையும் சேர்த்துத் திங்கட்டும்."

பிள்ளைகள் சாப்பிட்டார்கள். அப்பா உள்ளே கிடக்க, வாசலில் உட்கார்ந்து, ஒரு பருக்கை விடாமல் வழித்துச் சாப்பிட்டார்கள். மார்கிரட் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவளுக்குக் கண்ணீர் வரவில்லை.

கூட்ட நாள் வந்தது. துக்க வீடு என்பதால் வரவேண்டாம், வேறு யாரையாவது பேச வைக்கிறோம் என்று ஸக்கரியா ஆள் அனுப்பியிருந்தான். வருகிறேன் என்று சொல்லி அனுப்பினாள்.

நகர மண்டபம் நிறைந்திருந்தது. கொழும்பிலிருந்து வந்த கட்சிப் பெரியவர் ஒருவர் நடுவில், பக்கத்தில் ஸக்கரியா, முன்வரிசையில் ஒஸ்வல்ட் துரை, கடை முதலாளிமார், ஆசிரியர்கள். பின்னால் மாணவர்கள், வீதியிலிருந்து மழைக்கு ஒதுங்கிய சனங்கள். மார்கிரட் கறுப்புச் சேலையில் மேடையேறினாள். கையில் தாள் இல்லை.

முதலில் பாதிரியாரைப் பற்றிச் சொன்னாள். பதினாறு வயதில் பங்களாப் படியில் கேட்டதை அப்படியே சொன்னாள். பிறகு ஸ்கொட்லாந்துக்காரரைப் பற்றிப் பேசினாள். ஒஸ்வல்ட் தலையை ஆட்டி ரசித்தார். அவள் அவர் பக்கம் திரும்பினாள்.

"அவனவன் தன் லாபத்தைப் பார்த்தா ஊருக்கு நல்லதுன்னு இவரு சொன்னதா தோட்டத்துப் பங்களாவில எல்லாருக்கும் தெரியும். அதே மனுஷன் அதே புத்தகத்தில இன்னொண்ணும் சொன்னாரு. சம்பளத்தைக் கூட்டாம இருக்க முதலாளிமார் எந்தக் காலமும் ஒண்ணாத்தான் நிப்பாங்க, சத்தமில்லாம நிப்பாங்கன்னு சொன்னாரு. ஊர்ல முக்கால்வாசிப் பேர் பட்டினி கிடந்தா அந்த ஊர் செழிப்பான ஊரே இல்லேன்னும் சொன்னாரு. அந்தப் பக்கங்களை எந்தத் துரையும் எனக்கு வாசிச்சுக் காட்டல்ல. ஐயா, உங்க புத்தகத்தில அதைக் கிழிச்சுட்டா வித்தாங்க?"

மண்டபத்தில் சிரிப்புக் கிளம்பியது. மேடையில் இருந்தவர்களும் சிரித்தார்கள். ஸக்கரியா கைதட்டினான். அவள் அது ஓயும்வரை காத்து நின்று, அவன் பக்கம் திரும்பினாள்.

"கைதட்டாதீங்க. தாடிக்காரருக்கு இன்னும் வரல்ல நான். உழைக்கிறவன் உண்டாக்கினதை இன்னொருத்தன் கொண்டுபோறான்னு சொன்னவர் அவர். பல்லேபொலயில உழைச்சவன்கிட்ட இருந்து நெல்லை வாங்கி, மலையில உழைக்கிறவனுக்குக் குடுக்காம, நடுவில தடியோட நிக்கிறது யாரு? அவர் படத்தைச் சுவர்ல மாட்டினவங்கதான் நிக்கிறாங்க. இது ஒரு கட்டம், பொறுங்கன்னு சொல்றாங்க. லண்டன்ல அந்த மனுஷனோட பிள்ளைகளே வறுமையில செத்தாங்க. ஒரு பிள்ளைக்குப் பெட்டி வாங்கவும் காசில்லாம அந்தத் தாய் கடன் வாங்கினா. அந்த வீட்டு வாசல்ல போய் நின்னு, அம்மா இது ஒரு கட்டம்னு சொல்லியிருப்பீங்களா? போன சனிக்கிழமை எங்கண்ணன் செத்தாரு. அவர் பேர் ரபாயேல். அவருக்குக் கொண்டுபோன அரிசி உங்க குழுக் கந்தோர்ல இருக்கு."

கொழும்புப் பெரியவர் ஸக்கரியாவின் காதில் ஏதோ சொன்னார். ஒலிவாங்கி நின்றுபோனது. மார்கிரட் நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் வருஷக்கணக்காகக் கத்தியவள். குரலை உயர்த்தினாள்.

"பழைய மேதைகள் இன்றைக்குத் தேவையான்னு கேட்டீங்க. ஆளுக்குப் பாதி கிழிச்சு வச்சுக்கிட்டு, அந்தப் பாதியால அடுத்தவன் வாயை அடைக்கிறதுக்குன்னா தேவையில்ல, எல்லாத்தையும் அடுப்புல போடுங்க. முழுசாப் படிக்கிறதா இருந்தா தேவை. அதுக்கு முதல்ல லயத்துல போய் ஒரு நாள் இலையத் தின்னுட்டு வாங்க."

பின்னால் நின்ற சனங்களிடமிருந்து வந்தது கைதட்டல் அல்ல, சத்தம். யாரோ ஒரு பெண் சிங்களத்தில், எங்கள் அரிசியையும் கொடு என்று கத்தினாள். மற்றவர்களும் சேர்ந்தார்கள். பெரியவரைப் பக்கக் கதவால் கூட்டிப்போனார்கள்.

மறுநாள் காலையிலேயே ஒரு லொறி மாவு தோட்டத்துக்குப் போனது. கொழும்புக்காரர் முன்னால் பட்ட அவமானம் செய்த வேலை அது. அந்த மாவு அத்தனை நாளும் டவுனிலேயே, பூட்டின களஞ்சியத்தில் இருந்ததாம். அதைக் கேட்டபோது மார்கிரட்டுக்கு வந்த கோபம், ரபாயேல் செத்த அன்று வந்த கோபத்தைவிடப் பெரிது. இல்லாமல் செத்திருந்தால்கூட ஒரு மாதிரி மனதைத் தேற்றியிருக்கலாம்.

அந்த மாத முடிவுக்குள் அவளை வடமத்திய மாகாணத்துக் காட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மாற்றினார்கள். அங்கே பொருளியல் வகுப்பே கிடையாது. புறப்படும் நாளில் ஸக்கரியா நூருன்னிஸாவின் வீட்டு வாசலுக்கு வந்தான், உள்ளே வரவில்லை.

"மாத்தினது நானில்ல மார்கிரட்."

"தெரியும். நீ எதையும் செய்யல்ல. அதான் என் குற்றச்சாட்டு."

"மாவு அனுப்பினேன்."

"அனுப்பினே. எங்கண்ணி வாங்கிக்கிட்டா. அவளுக்காக நான் உனக்கு நன்றி சொல்ல மாட்டேன்."

நூருன்னிஸா உள்ளேயிருந்து தேத்தண்ணி கொண்டுவந்தாள். அவன் நின்றபடியே குடித்துவிட்டுப் போனான்.

காட்டுப் பள்ளிக்கூடத்தில் மார்கிரட் சின்னப் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தாள். மலேரியா இரண்டு தடவை வந்தது. அங்கே இருக்கும்போதுதான் மரியாயி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பும் ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறினாள். வழியனுப்பப் போக மார்கிரட்டுக்கு லீவு கிடைக்கவில்லை.

எழுபத்தேழில் ஆட்சி மாறியது. தடிகளைத் தூக்கி எறிந்தார்கள், கடைகள் திறந்தன, சாமான் குவிந்தது. மார்கிரட்டுக்கு மாத்தளைக்கே திரும்ப மாற்றம் கிடைத்தது. பாண் வரிசை இல்லாத வீதியைப் பார்த்து அவளும் சந்தோஷப்பட்டாள், இல்லையென்று சொல்லமுடியாது. கொஞ்ச நாளில் டவுன் வர்த்தகர்கள் சார்பில் அப்துல் ஸமத் என்ற கடை முதலாளி பள்ளிக்கூடத்துக்கே அவளைத் தேடி வந்தார்.

"டீச்சர், ஒரு பெரிய கூட்டம் வைக்கிறோம். நீங்க அன்னைக்கு அவனுகளுக்குக் குடுத்த அடி இன்னும் டவுன்ல பேச்சு. அந்த ஸ்கொட்லாந்துக்காரர் சொன்னதுதான் சரின்னு நீங்க வந்து சொல்லணும். கார் அனுப்புறேன்."

"முழுசாச் சொல்லவா, நீங்க கேட்கிற அளவுக்குச் சொல்லவா?"

அவர் சிரித்தார். "கூட்டத்துக்கு ஏத்த மாதிரிச் சொல்லுங்களேன்."

"உங்க கடையில வேலை செய்ற பையங்களுக்கு என்ன சம்பளம் குடுக்கிறீங்க முதலாளி?"

அப்துல் ஸமத்தின் சிரிப்பு நின்றது. "அதுக்கும் இதுக்கும் என்ன டீச்சர்?"

"அதைத்தான் நான் அங்க வந்து பேசுவேன். வேணும்னா கார் அனுப்புங்க."

கார் வரவில்லை. கூட்டம் வேறு யாரையோ வைத்து நடந்தது. அன்று மாலை மார்கிரட் வகுப்பறையில் இருந்தாள். ஒரு மாணவி எழுந்து, பாதிரியார் சொன்னது பிழைதானே, பிறகு ஏன் டீச்சர் அதைப் படிக்கிறோம் என்று கேட்டாள். மார்கிரட் கதவைச் சாத்திவிட்டு வந்து, துரை பங்களாவில் நின்ற கதையிலிருந்து தொடங்கினாள்.